கேபின் க்ரூ வேலை: சில ஆண்டுகளா, ஓய்வு வரையா?

இரண்டே ஆண்டில் விலகுபவர் பார்ப்பது விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் இந்த வேலையின் கடினமான பகுதியை மட்டுமே. பல நிறுவனங்களில் வழித்தடம், விடுப்பு எல்லாம் பணிமூப்பின்படிதான். புதியவர் ஸ்டாண்ட்பையில் அழைப்புக்குக் காத்திருப்பார். நிறுவனம் மாறினால் மூப்பு பெரும்பாலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆகவே நீடிக்க நினைப்பவர் முதல் நிறுவனத்தையே கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பர்சர் (கேபின் குழுவின் தலைவர்), பயிற்றுநர் பதவிகள் மூப்பு சேர்ந்த பிறகுதான்.

ஆனால் உடம்பு தாங்க வேண்டுமே! கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. கனமான தள்ளுவண்டி முதுகையும் தோளையும் பதம் பார்க்கும். இரவுப் பயணங்கள் தூக்கத்தைக் குலைக்கும். பறக்கும் மணிக்கணக்கில் ஊதியம் என்றால், குறைவாகப் பறந்த மாதம் வருமானமும் சுருங்கும்.

தற்காலிகமாகச் சேர்பவர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கட்டும்: முன்கூட்டியே விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.