கான்டெஸா 32 வாங்கலாமா?

கான்டெஸா என்றதும் நமக்கு அந்தப் பழைய கார்தான் ஞாபகம் வரும். இது வேறு. இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டன் என்ற ஊரில் ராஜர்ஸ் குடும்பம் கட்டும் பாய்மரப் படகு.

உள்ளே இறங்கிப் பார்த்ததுமே பலருக்கு முகம் தொங்கிவிடும். நீளம் 32 அடி, அகலம் வெறும் ஒன்பதரை அடி. இன்றைக்கு இதே நீளத்தில் வரும் படகுகளில் பின்பக்கம் தனிப் படுக்கையறையே இருக்கிறது, இதிலோ உயரமானவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். காற்றை எதிர்த்துப் போனால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு உப்புத்தண்ணீர்க் குளியல் நிச்சயம். துறைமுகத்தில் கட்டிவைத்து விருந்து கொடுக்கத்தான் படகு என்றால் வேறு பாருங்கள்.

ஆனால் 1979-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயம் என்று ஒன்று நடந்தது, இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கம் கடலில் இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பாய்மரப் பந்தயம். ஆகஸ்ட் மாதப் புயலில் மாட்டி, புறப்பட்ட 303 படகுகளில் 85 மட்டுமே முடித்தன, போட்டியில் ஓடியவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 கிளம்பி, முடித்தது ஒன்றே ஒன்று. 'அசென்ட்' என்ற கான்டெஸா 32. அந்த ஒல்லி உடம்புதான் அங்கே கைகொடுத்தது: மொத்தம் சுமார் 4,300 கிலோவில் கிட்டத்தட்ட பாதி, படகின் அடியில் தண்ணீருக்குள் நீண்டிருக்கும் கீல் என்ற பகுதியில் பாரமாக இருக்கிறது, அகலப் படகு கவிழ்ந்தால் அப்படியே தலைகீழாகக் கிடக்கப் பார்க்கும், இது உருண்டு எழுந்துவிடும்.

தொடங்கியவர் ஜெரமி ராஜர்ஸ். 1966-இல் ஃபோக்போட் என்ற மரப்படகின் சாயலில் ஃபைபர் கிளாஸில் கான்டெஸா 26, அப்புறம் 70-களின் தொடக்கத்தில் டேவிட் சாட்லர் வரைந்த இந்த 32. எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். அப்படியும் 80-களின் தொடக்கத்தில் நிறுவனம் கடனில் மூழ்கியது. 90-களில் குடும்பமே திரும்ப அதே படகைக் கையில் எடுத்தது, அதை மாற்றி அகலப்படுத்தாமல் விட்டார்களே, அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். ஜெரமி 2022-இல் காலமானார், இப்போது பார்த்துக்கொள்வது மகன் கிட்.

புதிது ஆர்டருக்குத்தான் கட்டித் தருவார்கள், கைவேலை, விலையும் அப்படித்தான். என் பணம் என்றால் 70-களில் வந்த ஒன்றைப் பிடிப்பேன். சர்வேயரை, அதாவது படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை, வைத்து அடிப்பக்கம் கொப்புளம் இருக்கிறதா, மேல்தளத்தில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். பழையதைப் புதுப்பிக்கும் வேலையையும் லிமிங்டனில் அவர்களே செய்கிறார்கள்.