சிலிக்கான் கியூபிட்: காந்தப்புலமா, மின்புலமா?

குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு கியூபிட். சிலிக்கானில் சிறைப்பட்ட ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சியே (ஸ்பின்) இங்கே கியூபிட்; அதைத் திருப்ப இரு வழிகள் உள்ளன. முதலாவதில், அருகிலுள்ள மெல்லிய உலோகத் தடத்தில் நுண்ணலை மின்னோட்டத்தைச் செலுத்தி, அலைவுறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 2014இல் இவ்வழியில் 99.6 விழுக்காடு துல்லியத்தை எட்டியது. ஆனால் மின்னோட்டம் வெப்பமூட்டும்; பரந்து விரியும் புலம் பக்கத்துக் கியூபிட்டையும் தொடும்.

இரண்டாவதில், கோபால்ட் நுண்காந்தம் இடத்துக்கு இடம் மாறுபடும் காந்தப்புலத்தை அமைக்க, மின்வாயில் அலைவுறும் மின்னழுத்தம் எலக்ட்ரானை முன்னும் பின்னும் சற்றே அசைக்கிறது; அந்த அசைவையே தற்சுழற்சி அலைவுறும் காந்தப்புலமாக உணர்கிறது. மிக அழகிய உத்தி இது. வேகமும் கூடுதல், ஜப்பானின் ரிக்கென் குழு 2018இல் 99.9 விழுக்காட்டைத் தாண்டியது. எனினும், இடத்துக்கு இடம் மாறுபடும் அதே காந்தப்புலத்தின் வழியாக மின்னிரைச்சலும் (தாறுமாறான மின் ஏற்ற இறக்கங்களும்) நுழைந்து கியூபிட்டின் நிலையைக் குலைக்கிறது. கியூபிட்டுகளை நெருக்கி அடுக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்க முடிவதால், அக்குறையோடும் நான் இரண்டாவதையே தேர்வேன்.