கேரவனில் எறும்பு: மூன்றரை ஆண்டுகளில் பலித்தவையும் பலிக்காதவையும்

2021ஆம் ஆண்டின் இறுதியில், மெல்பர்னில், ஒருவர் பயன்படுத்திய பதினேழு அடி கேரவன் ஒன்றை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை, வாங்கினோம். கூரை ஒழுகுமா, பிரேக் பிடிக்குமா, எரிவாயு அடுப்பு எரியுமா என்று நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விற்றவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எறும்பு வருமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பயணமாக லேக்ஸ் என்ட்ரன்ஸ் கடற்கரைக்குப் போய், மூன்றாம் நாள் காலையில் மகளின் பற்பசையைத் திறந்தபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. சர்க்கரை டப்பாவை இறுக மூடி வைத்திருந்தோம். ஆனால் சிறுவர்களுக்கான பற்பசையும் இனிப்புத்தான் என்பதை எங்களுக்கு முன்பே அவை கண்டுபிடித்திருந்தன. மூடியின் மரைக்குள் பழுப்பு நிறச் சிற்றெறும்புகள் மொய்த்துக் கிடக்க, அங்கிருந்து புறப்பட்ட சாரை இருக்கையின் அடியிலுள்ள அலமாரிக்குள் போய் மறைந்தது.

அன்று நான் செய்தவை அனைத்தும் தவறு. கடைக்கு ஓடிப்போய்ப் பூச்சிக்கொல்லித் தெளிப்பான் ஒன்றை வாங்கி வந்து, சுவரோரம் முழுக்கத் தெளித்தேன். குளிர்பெட்டி அப்போது எரிவாயுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, அதன் பின்புறத்தில் சுடர் எரிந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்கும் பொருள் என்று குப்பியின் முதுகில் அச்சிட்டிருந்ததைத் தெளித்து முடித்த பிறகே வாசித்தேன். அவ்வளவு சிறிய அறையில் நெடி இரண்டு நாள் போகவில்லை, மகள் இருமிக்கொண்டே இருந்தாள், எறும்புகளோ மூன்றாம் நாள் எதிர்ப்பக்க அலமாரியிலிருந்து புறப்பட்டு வந்தன. நம் கண்ணில் படுபவை இரை தேடி வெளியே வரும் வேலைக்கார எறும்புகள் மட்டுமே. ராணியும் முட்டைகளும் புற்றுக்குள் பத்திரமாக இருக்கும்வரை, சாரையைக் கொல்வது தண்ணீரை நிறுத்தாமல் தரையைத் துடைப்பதைப் போன்றதுதான்.

ஒரு வீட்டுக்குள் எறும்பு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். கேரவனில் அப்படியில்லை, அது நிலத்தைத் தொடும் இடங்களை எண்ணிவிடலாம். எங்களுடையதில் சக்கரம் இரண்டு, முன்னாலுள்ள ஜாக்கி சக்கரம் ஒன்று, தாங்கு கால்கள் நான்கு, படி, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், வெளிப்பந்தலின் கால்கள் இரண்டு, ஆகப் பதின்மூன்று. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சக்கரங்களில் ஒன்றுமில்லை, கால்களில் ஒன்றுமில்லை. மின்கம்பத்திலிருந்து வரும் ஆரஞ்சு நிறக் கம்பியைப் பார்த்தபோதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், போவதும் வருவதுமாக இரட்டைச் சாரை. கம்பியைச் செருகும் இடத்தின் மூடி முழுதாகப் படியாததால் அதன் வழியே நுழைந்து, சுவரில் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டிருந்த துளை வழியாக இருக்கைக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தத் துளையைச் சிலிகான் பசை கொண்டு அடைத்ததுதான் இந்த மூன்றரை ஆண்டுகளில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்ட வேலை. ஆனால் எரிவாயு கசிந்தால் வெளியேறுவதற்காகத் தரையோரம் விடப்பட்டிருக்கும் திறப்புகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அவற்றின் வழியாக எறும்பு வந்தாலும் வரட்டும்.

ஊரில் அம்மா பலகார அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருப்பார். அதே முறையைத் தாங்கு கால்களுக்குச் செய்து பார்த்தேன். கோடையில் மதியத்துக்குள் தண்ணீர் வற்றிவிடும். வற்றாத நாளில் யூகலிப்டஸ் இலை ஒன்று கிண்ணத்தின் குறுக்கே விழுந்து பாலமாகிவிடும். ஆகவே கால்களிலும் கம்பியிலும் குழாய்களிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்திரி நாடாவைச் சுற்றி, அதன்மேல் வாஸ்லினைத் தடித்துப் பூசும் முறைக்கு மாறினேன். நாடா இருப்பதால் புறப்படும் நாளில் அப்படியே உரித்து எறிந்துவிடலாம். புழுதிக் காற்று அடிக்கும் இடங்களில் மூன்று நாளுக்கு ஒரு முறை புதிதாகப் பூச வேண்டும். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டால் உருகி வழியும். டயரில் மட்டும் இதைப் பூச வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். டயரைச் சுற்றித் தரையில், எறும்பின் உடலை உலரவைத்துக் கொல்லும் டயட்டம் மண் தூளை வளையமாகத் தூவுகிறேன். மழை பெய்தால் அது வீண்.

மருந்து கலந்த இரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதல் பாடம், எல்லா எறும்பும் இனிப்புக்கு வருவதில்லை. மெல்பர்னில் 1939லேயே கண்டறியப்பட்ட அர்ஜென்டினா எறும்பு இனிப்பை விரும்பும்; கடலோரப் பழுப்பு எறும்போ எண்ணெயையும் புரதத்தையும் தேடும். இனத்தை அடையாளம் காணும் அறிவு எனக்கில்லை. ஆகவே ஒரு பாட்டில் மூடியில் தேனும் இன்னொன்றில் வேர்க்கடலை வெண்ணெயும் வைத்து, அரை மணி நேரம் கழித்து எதில் கூட்டம் என்று பார்ப்பேன். இனிப்பு என்றால், ஒரு கோப்பை வெந்நீரில் அரைக் கோப்பை சர்க்கரையையும் ஒரு தேக்கரண்டி போராக்ஸ் (வெங்காரம்) தூளையும் கரைத்து, பஞ்சில் நனைத்து வைப்பேன். போராக்ஸ் கூடினால் நல்லது என்று எண்ணி முதல் முறை மூன்று மடங்கு போட்டேன். பாதி எறும்புகள் தொடவே இல்லை, தொட்டவை பஞ்சின் பக்கத்திலேயே செத்துக் கிடந்தன. மருந்து மெதுவாக வேலை செய்தால்தான் அவை புற்றுக்குத் திரும்பி, வாயிலிருந்து வாய்க்கு ஊட்டி, ராணி வரைக்கும் கொண்டு சேர்க்கும்.

முதல் நாள் எறும்பு குறையாது, பெருகும். "எறும்புக்கு விருந்தா வைக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் சாரை மெலியும், ஆறு ஏழு நாளில் நின்றுவிடும். அதுவரை அந்தச் சாரையைத் துடைக்கவோ அதன் அருகில் எதையும் தெளிக்கவோ கூடாது. நின்ற பிறகு வினிகரால் துடைத்துத் தடத்தை அழிக்கலாம். போராக்ஸ் குழந்தைகளுக்கும் நாய்க்கும் தீங்கானது என்பதால், பக்கவாட்டில் துளையிட்ட மூடிய டப்பாவுக்குள்தான் பஞ்சை வைக்கிறேன். ஒரு வாரக் காத்திருப்பு தேவைப்படும் இந்த முறை இரண்டு இரவு மட்டும் தங்கும் இடத்தில் பயன்படாது. கேரவன் பார்க்கின் எறும்புகளுக்கு நம் செலவில் வைத்தியம் பார்த்ததாக முடியும். பயணத்தில் வாஸ்லின், வீட்டில் நிறுத்தியிருக்கும்போது போராக்ஸ் என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான்.

2023 குளிர்காலத்தில் வந்தது வேறு வகைத் தொல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சை மரத்தை ஒட்டி நிறுத்தியிருந்த கேரவனை வசந்தத்தில் திறந்து மெத்தையைத் தூக்கினால், கட்டில் பலகையின் மூலையில் அரிசிக் குருணையைக் கொட்டிவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுக்கள். வெளிச்சம் பட்டதும் கருநிற எறும்புகள் ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு சுவரின் இடுக்குக்குள் ஓடின. அவை வெளியிலிருந்து வருபவை அல்ல, எங்கள் சுவருக்குள்ளேயே குடியிருந்தன. மருந்தடிக்கும் ஆள் ஒருவரை அழைத்தேன். கேரவனை விட்டுவிட்டு வீடு முழுவதற்கும் விலை சொன்னார், அனுப்பிவிட்டேன். உள்ளே மூன்று இடங்களில் இரையை வைத்து மூன்று வாரம் காத்திருந்து, நடமாட்டம் நின்ற பிறகு பலகையைக் கழற்றினேன். சன்னலின் ரப்பர் பட்டை வெடித்து நீர் இறங்கி, ஒரு முழ நீளத்துக்கு ஒட்டுப்பலகை விரலால் பிய்க்கும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது. எறும்பு கூடு வைக்காமல் இருந்திருந்தால் அந்த ஒழுக்கை இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கவனித்திருக்க மாட்டேன். பட்டையை மாற்றிப் புதுப் பலகை போட்டு, உலர்ந்த இடுக்குகளில் டயட்டம் மண் தூளை முகக்கவசம் அணிந்து தூவி மூடினேன். எலுமிச்சையின் கிளையொன்று கூரையில் உரசிக்கொண்டிருந்தது. அதில் செதில் பூச்சிகள் ஒட்டியிருக்க, அவை கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் மரமேறி, அப்படியே எங்கள் கூரைக்கு இறங்கியிருக்கின்றன. கிளையை வெட்டி, பூச்சிகளுக்கு வெள்ளெண்ணெய் எனப்படும் தோட்டப் பூச்சி எண்ணெயைத் தெளித்தேன்.

கிராம்பு, பட்டை, வெள்ளரித் தோல் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. வாசனை நன்றாக இருந்தது. அம்மா தொலைபேசியில் சொன்ன மஞ்சள் தூளின் கறை வினைல் தரையில் இன்றும் இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பக்கம் போகிறவர்கள், 2001இல் பிரிஸ்பேனில் கண்டறியப்பட்ட, வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் நெருப்பெறும்பாக இருக்குமோ என்று ஐயம் வந்தால் இவற்றில் எதையும் செய்யாமல், அரசுக்குத் தெரிவித்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

சென்ற ஈஸ்டர் விடுமுறையில் எச்சூகாவில் ஆற்றோரம் ஐந்து இரவு தங்கினோம். முன்பெட்டியில் வாஸ்லின், நாடா, டார்ச், இரண்டு பாட்டில் மூடிகள் இருந்தன. நான்காம் இரவு சுற்றிப் பார்த்தபோது தண்ணீர்க் குழாயில் நாடா வரை வந்த சாரை ஒன்று அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே படியின்மேல் ஈரத்துண்டு ஒன்று தரையைத் தொட்டபடி தொங்கியது, மகள் காயப் போட்டது. அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். பதினான்காவது இடத்தை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.