ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் ஸ்னோஷூ நடை: வானம் தெளிந்த நாளில் மட்டும்

சியாட்டில் பக்கம் குடியிருந்துகொண்டு குளிர்காலம் முழுக்க மழையைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் போய்விட்டு வாருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

542ஆம் எண் மலைச்சாலை கோடையில் உச்சியில் இருக்கும் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட்வரை போகும். குளிர்காலத்தில் மவுன்ட் பேக்கர் ஸ்கீ ஏரியாவைத் தாண்டிப் பனி அள்ள மாட்டார்கள். மிச்சத் தூரம் நம் காலில்தான், பனியில் புதையாமல் இருக்க ஸ்னோஷூ என்ற அகலமான சட்டத்தைக் காலணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு. போக வர சுமார் 4 மைல், ஏற்றம் 1,000 அடி. 1998-99 சீசனில் 1,140 அங்குலம் பனி கொட்டி உலக சாதனை படைத்த மலை இது. பனி இருக்குமோ இருக்காதோ என்ற கவலையே வேண்டாம். மேகம் மூடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்டின் கணவாய்வரை ஸ்கீ பாதையை ஒட்டியே ஏற வேண்டும். ஓரத்தை விட்டு நகராதீர்கள், மேலிருந்து சறுக்கி வருகிறவர்கள் சட்டென்று நிற்க முடியாது. கணவாய்க்கு அப்புறம் வரும் சரிவில்தான் ஸ்னோஷூவின் தரம் தெரியும். என்னுடையதில் குதிகாலுக்கு அடியில் ஒரு கம்பி மடங்கிக் கிடக்கும். ஊன்றுகோலின் நுனியால் அதை நெம்பி நிமிர்த்தினால் குதிகால் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். கெண்டைக்கால் இழுப்பு அப்படியே அடங்கிவிடும்.

வாடகைக் கடையில் நீட்டுகிற ஜோடியை அப்படியே வாங்கி வராதீர்கள். மச்சானுக்கு ஒரு கடையில் தந்தது சமதரைக்கானது. கம்பியும் கிடையாது, விளிம்பில் பல்லும் கிடையாது. மலை ஏறப் போகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம். மனிதர் சரிவு நெடுக வழுக்கி வழுக்கி, சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில் கடைக்காரருக்கு அர்ச்சனை செய்துகொண்டே வந்தார்.

மேலே போனதும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பக்கம் 10,781 அடி மவுன்ட் பேக்கர், கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஓர் எரிமலை. எதிர்ப்பக்கம் 9,131 அடி ஷக்சன். உயரம் பேக்கருக்குத்தான் அதிகம், ஆனாலும் என் ஓட்டு ஷக்சனுக்கு. கரும்பாறை விளிம்புகளில் பனியாறுகள் தொங்குவதும், வெயில் நகர நகர அவற்றின் வெடிப்புகள் நீலமாகத் தெரிவதும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்று விட்டால்தானே! கையுறையைக் கழற்றிப் படம் எடுக்கிற நேரத்துக்குள் விரல் மரத்துப்போகிறது. புளியோதரை கட்டிக்கொண்டு போகாதீர்கள், குளிரில் அரிசி விறைத்துப் பல்லைப் பதம் பார்க்கும். சப்பாத்தி ரோலும் பிளாஸ்கில் ரசமும் போதும்.

கிளம்புமுன் வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பனி சரிந்து விழும் அபாயத்துக்கு ஆரஞ்சு நிறம் காட்டினால், எவ்வளவு வெயில் அடித்தாலும் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சரிவுகள் விளையாட்டில்லை, முன்னால் யாரோ நடந்த தடம் இருக்கிறது என்பதும் உத்தரவாதம் இல்லை. மேலே போனில் சிக்னலை நம்ப வேண்டாம். பெட்ரோலை மேப்பிள் ஃபால்ஸிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அரை மதிப்பெண் குறைத்தது வண்டி நிறுத்துகிற பாட்டுக்கு. சனி, ஞாயிறுகளில் ஸ்கீ கூட்டம் விடியற்காலையிலேயே வந்து இடத்தை அடைத்துவிடுகிறது. வார நாளில் லீவு கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள்.