கிராக்கோவில் ஒரு பியெரோகி வகுப்பு: சைவ உணவினருக்கான மதிப்புரை

போலந்தின் கிராக்கோவ் நகரில், பழைய யூதக் குடியிருப்பான கசிமியெஷ் பகுதியில், ஒரு வீட்டுச் சமையலறையில் நடத்தப்படும் பியெரோகி வகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. கோதுமை மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்துக் கொதிநீரில் வேகவைக்கும் பண்டமே பியெரோகி. இறைச்சி சேர்த்த வகையே இல்லாமல், போலந்துக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் சைவ வகைகளை மட்டும் கற்பிக்கிறார்கள் என்பதால் இவ்வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன்; அந்தத் தேர்வில் எனக்கு நிறைவே.

இங்கு சைவம் என்பது இறைச்சியை நீக்கிவிட்டு ஒப்பேற்றிய ஒன்றன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில் இறைச்சியைத் தவிர்ப்பது போலந்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். புளிக்கவைத்த முட்டைக்கோஸும் காய்ந்த காட்டுக் காளானும் சேர்ந்த பியெரோகி அந்த விருந்துக்கே உரியது. உருளைக்கிழங்கும் த்வாருக் என்னும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ‘ருஸ்கியே’ வகையோ, ஆண்டு முழுவதும் எளிய உணவகங்களிலும் வீடுகளிலும் உண்ணப்படுவது. இந்தப் பின்னணியைப் பயிற்றுநர் மாவு பிசையும்போதே சொல்லிவிடுவதால், செய்முறையோடு அதன் காரணமும் நம் மனத்தில் பதிகிறது.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி மாவுதான். அரைக் கிலோ மைதாவுக்கு ஏறத்தாழ 250 மில்லி சுடுநீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சிறிது உப்பு, இவ்வளவுதான் பொருள்கள். நீர் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும் என்பதில் பயிற்றுநர் காட்டிய பிடிவாதம் முற்றிலும் நியாயமானது. சூட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி வெந்து நீரை உறிஞ்சிக்கொள்வதாலும், பசைப்புரதம் முறுக்கேறாமல் தளர்ந்திருப்பதாலும், தேய்த்த மாவு சுருங்கி வருவதில்லை. வெந்தபின் ரப்பர் போல் இழுபடுவதுமில்லை. பிசைந்த மாவை மூடி அரை மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு, கண்ணாடித் தம்ளரின் வாயால் வட்டங்கள் வெட்டுகிறோம். ஓரத்தைச் சோமாசிக்கு மடிப்பதுபோல் விரலால் மடித்து அழுத்தக் கற்றுத்தருகிறார்கள். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் அச்சு இங்கு இல்லை; கைப்பழக்கம் வருவதற்கு அதுவே நல்லது.

பூரணத்தில் ஈரம் தங்கக்கூடாது என்பது அடுத்த பாடம். வெந்த உருளைக்கிழங்கை வடித்து, ஆவி அடங்கும்வரை விட்டு, கட்டியில்லாமல் மசித்து, நன்கு ஆறிய பிறகே த்வாருக்கைச் சேர்க்கிறார்கள். கிழங்கு ஒரு கிலோ என்றால் த்வாருக் அரைக் கிலோ. வெண்ணெயில் பொறுமையாகப் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும், தாராளமாக இடித்த மிளகும், உப்பும் மட்டுமே சுவை தருபவை. நம் நாக்குக்கு இது முதலில் சப்பென்று தோன்றலாம். ஆனால் த்வாருக்கின் மெல்லிய புளிப்பு மிளகோடு சேரும்போது வேறொரு மசாலாவைத் தேட மனம் வராது. பாலை எலுமிச்சை ஊற்றித் திரிக்கும் பனீரைப் போலன்றி, த்வாருக் பாலை உறைய விட்டு, இளஞ்சூட்டில் திரித்து வடிப்பதாகையால் அந்தப் புளிப்பு அதற்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பிச் செய்பவர்கள், பனீரோடு நீர் முழுதும் வடிந்த கெட்டித் தயிரைச் சிறிது கலந்து பார்க்கலாம்.

குறை ஒன்று உண்டு. சிறியதென்று விட்டுவிட முடியாது. முட்டைக்கோஸ், காளான் பூரணத்தை ஏற்கெனவே சமைத்து வைத்திருந்தார்கள். காளானை முன்னிரவே ஊறவைக்க வேண்டும், முட்டைக்கோஸ் நெடுநேரம் வேக வேண்டும் என்பதால் ஒரு பிற்பகலுக்குள் அடங்காது என்பது உண்மைதான். ஆயினும், எந்தப் பதத்தில் அதை இறக்குவது, ஊறவைத்த நீரை எவ்வளவு சேர்ப்பது என்பவற்றைக் கண்ணால் காணாமல் வீட்டில் செய்வது கடினம். கட்டணமும் மலிவன்று என்பதால், ஒரு சிறு பாத்திரத்திலாவது செய்து காட்டியிருக்கலாம்.

வேகவைப்பதில் சிக்கலில்லை. உப்பிட்ட கொதிநீரில் இட்டு, மேலே மிதந்ததும் மேலும் ஓரிரு நிமிடம் விட்டு எடுத்தால் போதும். மிஞ்சியதை மறுநாள் வெண்ணெயில் சிவக்க வறுத்துத் தின்பதைத்தான் நான் கூடுதலாக விரும்பினேன்.

உணவகங்களில் உண்ணும் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ருஸ்கியே வகையின்மீது பன்றிக் கொழுப்பை மொறுமொறுவென வறுத்துத் தூவும் வழக்கம் பரவலாக உள்ளது. வெங்காயத்தையே அக்கொழுப்பில் வதக்குவோரும் உண்டு. வெண்ணெய் மட்டும் போதும் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. இவ்வகுப்பில் அந்தக் கவலை இல்லை. மாவில் முட்டையும் சேர்க்கவில்லை. ஆனால் முட்டை சேர்த்துப் பிசையும் வீடுகளும் பல என்பதால், வேறு வகுப்புகளுக்குச் செல்வோர் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.