புதிய தொழிலாளர் சட்டத்தைக் காட்டி ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்: நிரந்தரப் பணியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் 29 அவற்றில் அடங்கிவிட்டன. அதன்பின், அந்தச் சட்டங்களின் பெயரைச் சொல்லியே நான் வேலை பார்த்த தனியார் நிறுவனத்தில் எங்கள் பணிக்காலம் காகிதத்தில் அழிக்கப்பட்டது. நிரந்தரப் பணியிலிருந்து குறித்தகால ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும் என்றார்கள்; அந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கும் வரி எதுவும் அந்த நான்கு தொகுப்புகளிலும் கிடையாது. இதே பேச்சு வேறு இடங்களிலும் எழலாம் என்பதால், நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

மனிதவளத் துறையினர் எங்களைச் சிறு குழுக்களாக அழைத்தார்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டியிருந்தது. மேசையில் ஒவ்வொருவர் பெயருக்கும் மூன்று தாள்கள் தயாராக இருந்தன. முதல் தாள், "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று எங்கள் வாய்மொழிபோலத் தட்டச்சு செய்யப்பட்ட ராஜினாமாக் கடிதம். நோட்டீஸ் காலத்தை நாங்களே முடித்துவிட்டதுபோலத் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி போடப்பட்டிருந்தது. இரண்டாவது தாள், அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் ஓராண்டுக் குறித்தகாலப் பணி ஒப்பந்தம். மூன்றாவது, எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் ரசீது. அதில் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"முன்னாடி கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் காத்திருக்கணும், இப்ப ஒரே வருஷம்தான், உங்க நல்லதுக்குத்தான் மாத்துறோம்" என்றார் அதிகாரி. அன்று மாலைக்குள் கையெழுத்திடாதவர்களின் கணினி நுழைவு முடக்கப்படும், அந்த மாதச் சம்பளமும் நிறுத்தப்படும் என்பதையும் அதே குரலில் சொன்னார். நகல் கேட்டவர்களுக்குப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். இன்றுவரை எவருக்கும் தரவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் பலரும் அதை நம்பினார்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, நிரந்தரப் பணியாளர் வேலையை விட்டு விலகும்போது பணிக்கொடை (அதிகாரி சொன்ன கிராஜுவிட்டி) பெற இன்றும் ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். மரணத்துக்கும் உடல் ஊனத்துக்கும் முன்போல இதிலிருந்து விலக்கு உண்டு. ஓராண்டு என்ற சலுகை குறித்தகால ஒப்பந்தத்தில் பணியாற்றுபவர்களுக்கு மட்டும் உரியது, அதுவும் அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஓராண்டு பணி செய்தால்தான். நிரந்தரப் பணியில் இருப்பவரைக் குறித்தகாலப் பணிக்கு மாற்றியாக வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. ஆகவே எங்களுக்குச் சலுகை என்று நீட்டப்பட்ட தாள், உண்மையில் சேர்த்துவைத்த ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொன்ன தாள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். குறித்தகால ஒப்பந்தம் காலம் முடிந்து நின்றுபோனால், தொழில் உறவுகள் தொகுப்பின் வரையறைப்படி அது ஆட்குறைப்பே ஆகாது. (மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்கள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதால் இந்த இழப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது, பணிக்கொடை உரிமை அவர்களுக்கும் உண்டு.)

என் நிலை இதுதான். ஐந்தாம் ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தன. அந்த ஆண்டில் 240 நாளுக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்று 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. ஆனால் புதிய ஒப்பந்தத்தில், எந்தத் தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம் என்று ஒரு விதி இருந்தது. ஓராண்டு நிறைவதற்கு முன்பே நிறுவனம் அந்த விதியைப் பயன்படுத்தி என்னை வெளியேற்றியது. பழைய கணக்கில் ஐந்தாண்டு ஆகவில்லை, புதிய கணக்கில் ஓராண்டு ஆகவில்லை, எனவே பணிக்கொடை கிடையாது என்பது அவர்களின் பதில். பத்தாண்டுக்கு மேல் பணியாற்றிய சக ஊழியர் ஒருவருக்கு இழைத்த அநீதி இன்னும் வேதனையானது. ராஜினாமா செய்ததாகக் காட்டினால் 30 நாளுக்குள் அவருக்குப் பணிக்கொடை தந்திருக்க வேண்டும். அதைத் தராமல், அந்த உரிமை புதிய ஒப்பந்தத்தில் தொடரும் என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. கடைசிச் சம்பளப் பாக்கியிலும் இதே போக்குதான். வேலை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு அது வாரக் கணக்கில் இழுத்தது.

கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஊதியத்திலோ போனஸிலோ தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே ஊதியத் தொகுப்பு கூறுகிறது. ஊதியப் பாக்கி கோரி மனுச் செய்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். அந்த மனுவுக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பணிக்கொடைக்குத் தனி மனு. நான் இரண்டையும் தொழிலாளர் துறையில் கொடுத்திருக்கிறேன். அவற்றுக்குப் பலமாக நிற்பவை சின்னச் சின்னச் சான்றுகள்தாம். ராஜினாமாவில் போட்ட தேதிக்குப் பிந்தைய வாரத்தில், அடுத்த நிதியாண்டுக்கான என் பணி இலக்கை மேலாளர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். விலகுவதாக எழுதிக் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டு இலக்கை யாரும் அனுப்புவதில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நிறுவனம் பதிந்த விலகல் தேதி வெள்ளிக்கிழமை, மறு சேர்க்கை திங்கட்கிழமை. அடையாள அட்டை எண், இருக்கை, வேலை எதுவும் மாறவில்லை.

உங்களையும் இப்படி அழைத்தால், தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், மறுத்த நேரத்தையும் சொன்ன சொற்களையும் அன்றிரவே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலாக அனுப்பி, சொந்த முகவரிக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, பணி நியமன ஆணை, வருகைப் பதிவு ஆகியவற்றைக் கணினி நுழைவு இருக்கும்போதே சேமித்துவிட வேண்டும். அது முடக்கப்பட்ட பின் எங்களில் பலருக்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால், அது எந்த மிரட்டலின் கீழ் வாங்கப்பட்டது என்பதைப் பதிவுத் தபாலில் உடனே எழுதி அனுப்புங்கள். நாள் தள்ளிப்போகப் போக, மனமுவந்து எழுதிய ராஜினாமா என்ற நிறுவனத்தின் வாதம் வலுப்பெறும். தொகை எழுதாத ரசீதில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திடாதீர்கள்.