எரிபொருளை முன்கூட்டியே வாங்குதல்: தொட்டியா, முன்பணமா, உச்சவரம்பா, சந்தையா?

விலை ஏறிவிடும் என்ற கவலையில் எரிபொருளை முன்கூட்டியே வாங்க நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. எரிபொருளையே வாங்கித் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். பணத்தை இன்றே கட்டிவிட்டு, தேவைப்படும்போது இன்றைய விலைக்கே பெற்றுக்கொள்ளலாம். விலைக்கு உச்சவரம்பு மட்டும் வைத்து ஒப்பந்தம் போடலாம். அல்லது எரிபொருளைத் தொடாமலேயே, பின்னால் வரும் ஒரு தேதிக்கான விலையை இன்றே ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளும் முன்பேரச் சந்தையில் காப்பு எடுக்கலாம், அதாவது விலை ஏறினால் அங்கே கிடைக்கும் லாபம் நம் கூடுதல் செலவை ஈடுகட்டும்படி செய்துகொள்ளலாம். எதில் அதிகம் மிச்சமாகும் என்ற கேள்வியோடுதான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். ஆனால் இந்த நான்கும் விலையேற்றம் என்ற ஆபத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு வேறோர் ஆபத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகின்றன. அந்த இரண்டாவது ஆபத்தைத் தாங்க நம்மால் முடியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

தொட்டியில் சேமிப்பது எளிமையாகத் தோன்றும் வழி. பெட்ரோலைப் பொறுத்தவரை அதை உடனே விலக்கிவிடலாம். பெட்ரோலின் ஆவி, நீர் உறையும் நிலைக்கு மிகக் கீழான குளிரிலும் தீப்பற்றும். சில மாதங்களிலேயே அதன் தரம் குறையத் தொடங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்து, நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். வீட்டிலும் கடையிலும் கேன்களில் பெட்ரோலைப் பதுக்கி வைப்பது சேமிப்பே அல்ல, உயிருக்கு ஆபத்தான செயல். எவ்வளவு விலை ஏறினாலும் அதைச் செய்யாதீர்கள். டீசல் இந்த வகையில் சாது. நல்ல தொட்டியில், நீர் புகாமல் பார்த்துக்கொண்டால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். நீர் தேங்கினால் நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, அந்தக் கசடு வடிகட்டிகளை அடைத்துவிடும். சட்டம் அனுமதிக்கும் அளவும், தேவைப்படும் உரிமமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தொட்டி வாங்கும் முன்பே அதை விசாரித்துவிட வேண்டும்.

இனி கணக்கு. ஆறு மாதத் தேவைக்கான டீசலை ஒரே நாளில் வாங்கி, மாதாமாதம் சீராகச் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால், சராசரியாக மூன்று மாதமே பணம் முடங்குவதால் வட்டிச் செலவு 2.5 சதவீதம். தொட்டியின் தேய்மானம், காப்பீடு, சிந்துதல் ஆகியவற்றுக்கு இன்னொரு 2.5 சதவீதம் போட்டால் மொத்தம் 5 சதவீதம். விலை இந்த ஆறு மாதத்தில் சீராக ஏறுகிறது என்றால், முதல் மாத டீசலில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது, கடைசி மாதத்தில்தான் முழு லாபம். எனவே சராசரியாக 5 சதவீதம் மிச்சமாக, முடிவில் விலை ஏறத்தாழ 10 சதவீதம் உயர்ந்திருக்க வேண்டும். பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே தொட்டி வாங்கிவிடுகிறார்கள்.

முன்பணம் கட்டும் வழியில் தொட்டியின் தொல்லை இல்லை. ஆனால் நம் பணம் விற்பனையாளரிடம் போய்விடுகிறது. அவர் நொடித்துப்போனால், கட்டிய பணத்துக்கு நாம் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். விற்பனையாளர் தம் பங்குக்குக் காப்பு எடுத்திருந்தாலும் இந்த ஆபத்து முழுதாக நீங்காது. ஜெர்மனியின் மெட்டால்கெசல்ஷாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, பத்தாண்டு வரையிலான காலத்துக்கு நிலையான விலையில் எரிபொருள் தருவதாக ஒப்புக்கொண்டு, அதற்குக் குறுகிய கால முன்பேர ஒப்பந்தங்களால் காப்பு எடுத்திருந்தது. 1993-இல் எண்ணெய் விலை விழுந்தபோது முன்பேரத்தில் ஏற்பட்ட நட்டத்துக்கு உடனடியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய லாபமோ பல ஆண்டுகளுக்குப் பிறகே வரும். நட்டம் சுமார் 130 கோடி டாலர். அதனால், விலையை நிலைப்படுத்தினாலும் பணத்தை வழங்கலின்போதே கட்ட அனுமதிக்கும் விற்பனையாளர் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அவரையே நான் தேர்வேன்.

உச்சவரம்பு ஒப்பந்தத்தில் விலை குறிப்பிட்ட அளவைத் தாண்டாது. இறங்கினால் அந்த இறக்கமும் நமக்குக் கிடைக்கும். இதற்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. விலை ஏறாத ஆண்டில் அந்தப் பணம் வீண் என்று தோன்றும். தீப்பிடிக்காத ஆண்டின் காப்பீட்டுத் தவணை எப்படி வீணில்லையோ, இதுவும் அப்படித்தான். சிறிய தொழில் நடத்துபவருக்கு நான்கிலும் இதுவே மேல் என்று நினைக்கிறேன். ஆனால் விலை இறங்கும்போது எந்த விலையைப் பின்பற்றி நமக்குக் குறைப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘அன்றைய எங்கள் விலை’ என்று மட்டும் இருந்தால் பாதுகாப்பில் பாதி போய்விடும்.

முன்பேரச் சந்தை பெரிய நிறுவனங்களுக்கான இடம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2008-இல் தன் எரிபொருள் தேவையில் சுமார் 70 சதவீதத்தைப் பீப்பாய் 51 டாலர் அளவில் காப்பு எடுத்து வைத்திருந்தது. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. இந்த வெற்றியைச் சொல்பவர்கள் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் விமான நிறுவனத்தையும் சொல்ல வேண்டும்: 2014-க்குப் பிறகு விலை சரிந்ததில், 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தலா 800 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் காப்பு ஒப்பந்தங்களால் இழந்தது. சிறியவர்களுக்கு வேறு தடைகளும் உள்ளன. நியூயார்க் சந்தையில் டீசல் ஒப்பந்தம் ஒன்றின் அளவு 42,000 கேலன், அதாவது ஏறத்தாழ 1.59 லட்சம் லிட்டர். மாதம் 3,000 லிட்டர் எரிக்கும் ஒருவருக்கு அது நான்கு ஆண்டுத் தேவைக்கும் மேல். மேலும் பம்பில் கொடுக்கும் விலையில் வரி, சுத்திகரிப்பு லாபம், நாணய மாற்று ஆகியவை கலந்திருப்பதால் அது சந்தை விலையோடு ஒத்து நகர்வதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் நிலை. பம்பில் யாருக்கும் டீசல் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை.

எரிபொருள் விலை ஏறினால் அதைத் தம் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ள முடிந்தவருக்கு இந்த நான்கில் எதுவுமே தேவைப்படாமல் போகலாம். போட்டியாளர்களும் அதே விலையைத்தான் கொடுக்கிறார்கள். அத்தகையவர் முழுத் தேவையையும் இன்றைய விலையில் பூட்டிவிட்டால், விலை விழும்போது அவர் மட்டும் கூடுதல் விலையில் மாட்டிக்கொள்வார். ஓராண்டுக்கு ஒரே வாடகை என்று ஒப்புக்கொண்டு வண்டி ஓட்டுபவருக்குக் காப்பு அவசியம். அவருக்கும் நான் சொல்லும் அளவு, உறுதியான தேவையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான். அதையும் ஒரே நாளில் வாங்காமல், வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியைத் தாண்டாத வகையில் மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்து வாங்கலாம்.